சஸ்பென்ஷனை உயர்த்தினால் கரடுமுரடான பாதையில் வண்டி நன்றாகப் போகுமா?

கேள்வி: என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில்தான் (இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு). பாறையும் பள்ளமும் நிறைந்த பாதைகளில் வண்டியின் அடிப்பாகம் அடிக்கடி இடிக்கிறது. சஸ்பென்ஷனை 2 அங்குலம் உயர்த்தும் கிட் ஒன்றைப் பொருத்தினால் தரை இடைவெளியும் 2 அங்குலம் கூடிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரியா?

பதில்: வண்டியின் உடலைப் பொறுத்தவரை சரி, ஆக்சிலைப் பொறுத்தவரை சரியல்ல. ஸ்பிரிங் என்பது ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையில் இருப்பது. அதை நீளமாக்கினால் சேசிஸ் மேலே போகிறது. ஆக்சிலோ டயர்களின் மேல் இருந்த உயரத்திலேயே இருக்கிறது. உங்கள் வண்டியைப் போன்றவற்றில் பெரும்பாலும் தரைக்கு மிக அருகில் இருப்பது ஆக்சிலின் நடுவே உருண்டு தொங்கும் டிஃபரன்ஷியல் கூடுதான் (எஞ்சினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரங்களின் உறை). கிட் பொருத்துவதற்கு முன் அது ஒரு பாறையில் இடித்தது என்றால், பொருத்திய பிறகும் அதே பாறையில் இடிக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் வேண்டும். அங்கும் விட்டத்தில் கூடியதில் பாதிதான் கிடைக்கும்: 31 அங்குல டயருக்குப் பதிலாக 33 அங்குல டயர் போட்டால் ஆக்சில் 1 அங்குலம் உயரும். அந்தப் பெரிய டயர் உரசாமல் சுழலுவதற்கு மட்கார்டுக்குள் இடம் உண்டாக்கித் தருவதே சஸ்பென்ஷனை உயர்த்துவதால் கிடைக்கும் முதன்மையான பயன் என்பது என் கருத்து.

உடல் உயர்வதாலும் பயன் உண்டு. மேட்டில் ஏறத் தொடங்கும்போது முன் பம்பரும், இறங்கும்போது பின் பம்பரும், மேட்டின் உச்சியைக் கடக்கும்போது வயிற்றுப் பகுதியும் இடிப்பது குறையும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.6 மீட்டர் தூரமும் நடுவில் 22 சென்டிமீட்டர் இடைவெளியும் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அது வயிறு தட்டாமல் கடக்கக்கூடிய மேட்டின் கோணம் சுமார் 20 பாகை. அதே வண்டியை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் அது சுமார் 24 பாகையாகிறது. கூர்மையான வரப்புகளைக் கடக்கும்போது இந்த 4 பாகையின் அருமை தெரியும்.

ஆகவே, எதையும் வாங்குவதற்கு முன் வண்டியின் அடியில் படுத்து, எங்கெங்கே கீறல் விழுந்திருக்கிறது என்று பொறுமையாகப் பாருங்கள். கீறல்கள் டிஃபரன்ஷியல் கூட்டில் இருந்தால் உங்களுக்குத் தேவை டயர். பம்பரின் கீழ் விளிம்பிலோ கதவுகளுக்குக் கீழேயோ இருந்தால் கிட் உதவும். கீறலே இல்லாமல் சக்கரம் சுழன்று சுழன்று வண்டி நின்றுவிடுகிறது என்றால் அது உயரத்தின் குறையே அல்ல, பிடிமானத்தின் குறை. அதற்கு டயரின் காற்றை 32 பவுண்டிலிருந்து 20 பவுண்டுக்குக் குறைத்தாலே பெரும் மாற்றம் தெரியும், அதற்குச் செலவும் இல்லை. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடித்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

உயர்த்துவதால் பிடிமானம் குறையவும் கூடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஷாக் அப்சார்பரின் மொத்த அசைவு 20 சென்டிமீட்டர் என்றும், சாதாரண நிலையில் மேலே 10, கீழே 10 என்று அது சமமாகப் பிரிந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஷாக்கை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் நீளமாக்கியோ ஸ்பேசர் என்னும் தடித்த வளையத்தை ஸ்பிரிங்கோடு வைத்தோ 5 சென்டிமீட்டர் உயர்த்தினால், சக்கரம் கீழே இறங்க மிஞ்சுவது 5 சென்டிமீட்டர் மட்டுமே. முன்பு பள்ளத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்த சக்கரம் இப்போது அந்தரத்தில் தொங்கும். இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் இல்லாத வண்டியில் அந்தரத்தில் தொங்கும் சக்கரம் வீணாகச் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் இழுக்க வலுவின்றி நிற்கும். ஆகவே நீளமான ஷாக் அப்சார்பர் சேராத கிட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். கனமான பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் கருவி) சுமப்பதற்கென்று செய்யப்பட்ட விறைப்பான ஸ்பிரிங்கைச் சுமையில்லாத வண்டியில் போடுவதும் இதே போன்ற தவறுதான்.

சரிவுகளில் பக்கவாட்டாகச் செல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் அகலமும், தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் உள்ள வண்டி, கணக்குப்படி 47 பாகைச் சரிவில் கவிழும். ஈர்ப்பு மையம் 75 சென்டிமீட்டருக்கு உயர்ந்தால் 45 பாகையில் கவிழும். வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் உண்மையில் தாழ்வான பக்கத்து ஸ்பிரிங் அமுங்கும், அந்தப் பக்கத்துச் சக்கரம் குழியில் இறங்கும், கூரையின் மேல் சுமையும் இருக்கும். எனவே கணக்கு சொல்வதற்கு வெகு முன்பே வண்டி சாய்ந்துவிடும்.

கேள்வி: முன்பக்கம் சாலிட் ஆக்சில் இல்லாமல், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கும் இதே பதில்தானா?

பதில்: இல்லை. அதில் முன் டிஃபரன்ஷியல் சேசிஸுடன் பிணைக்கப்பட்டிருப்பதால், உடல் உயரும்போது அதுவும் உயரும்; நடுவில் தரை இடைவெளி உண்மையாகவே கூடும். அதற்கு ஈடாக, சக்கரத்துக்குச் செல்லும் டிரைவ் ஷாஃப்ட்டுகள் அதிகச் சாய்வில் சுழல வேண்டியிருக்கும். அவற்றின் மூட்டுகளும் மூட்டுகளை மூடிய ரப்பர் உறைகளும் சீக்கிரம் தேயும். இத்தகைய வண்டியை 2 அங்குலத்துக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது நல்லது.

கேள்வி: உயர்த்துவது என்று முடிவு செய்துவிட்டேன். வேறு எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

பதில்: காயில் ஸ்பிரிங் உள்ள சாலிட் ஆக்சில் வண்டியை உயர்த்தும்போது முன் ஆக்சில் சற்றே திரும்பி, காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறையும், திருப்பத்துக்குப் பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல், நெடுஞ்சாலையில் வண்டி அலையும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேசிஸுடன் பிணைக்கும் பான்ஹார்டு ராடு, ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்துவிடும். இரண்டையும் சரிசெய்யும் உதிரிகளைச் சேர்த்தே வாங்குங்கள். ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி அதிர்வு வருகிறதா என்று பாருங்கள். 33 அங்குல டயரும் போட்டால், 31 அங்குல டயருக்கேற்ப இருந்த ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 64 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். உங்கள் பகுதியின் வாகன விதிகளும் காப்பீட்டு நிறுவனமும் இந்த மாற்றத்தை ஏற்கின்றனவா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களை முழுமையாகத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாமல் தளர்வாக இருக்கின்றனவா என்று உங்கள் கையாலேயே தொட்டுப் பாருங்கள்.