ஓவர்கிளாக் செய்ய எந்த பிராண்ட் மதர்போர்டை நம்பலாம்?

ஓவர்கிளாக் செய்ய, அதாவது பிராசஸரை அதன் வழக்கமான வேகத்தைவிட வேகமாக ஓட்ட, ஆசுஸா, ஜிகாபைட்டா, எம்எஸ்ஐயா, ஆஸ்ராக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், பிராண்டைவிட மாடலைப் பார்ப்பதே மேல். நான்குமே தைவான் நிறுவனங்கள். நால்வரிடமும் உறுதியான போர்டும் உண்டு, ஒப்புக்குச் செய்த போர்டும் உண்டு.

முதலில் சிப்செட், அதாவது ஓவர்கிளாக் போன்ற வசதிகள் போர்டில் உண்டா என்பதைத் தீர்மானிக்கும் சிப். இன்டெலில் ஓவர்கிளாக் செய்யக்கூடிய கே வகை பிராசஸருக்கு இசட் சிப்செட் வேண்டும். ஏஎம்டியில் பி650 போதும், ஏ620 உதவாது.

அப்புறம் விஆர்எம். பவர் சப்ளையின் 12 வோல்ட்டை பிராசஸருக்கு ஏற்ற 1 வோல்ட் சொச்சமாகக் குறைத்துக் கொடுக்கும் பகுதி இது. ஓவர்கிளாக் செய்தால் மின்னோட்டம் கூடும், இதுவும் சூடாகும். மின்னோட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் விஆர்எம் சுற்று ஒவ்வொன்றும் ஒரு பேஸ்; "16 பேஸ்" என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். ஒரு சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் டபுளர் சிப் போட்டும் அந்த எண்ணிக்கையைக் காட்டலாம். ஒவ்வொரு பவர் ஸ்டேஜும் (பேஸில் மின்னோட்டத்தைக் கையாளும் சிப்) எத்தனை ஆம்பியர் தாங்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் கனமானதா, நீண்ட நேர லோடில் விஆர்எம் எவ்வளவு சூடாகிறது என்று ரிவ்யூக்களில் தேடுங்கள்.

2023இல் ஏஎம்டியின் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகியபோது ஒன்றுக்கு மேற்பட்ட பிராண்ட் போர்டுகளின் பெயர் அடிபட்டது. எஸ்ஓசி வோல்டேஜை (பிராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போகும் வோல்டேஜ்) 1.3 வோல்ட்டுக்குள் அடக்கும் பயாஸ் அப்டேட், அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளுக்கான அப்டேட், பிறகு வந்தது. எனவே பழைய மாடல்களுக்கும் பயாஸ் அப்டேட் ஒழுங்காக வருகிறதா என்று அந்த நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் உண்டா என்பதையும் கடையில் கேட்டுவிடுங்கள்.