இத்தாலியில் திராட்சைக் கொடியை மரத்தில் ஏற்றி வளர்ப்பார்களாமே, ஏன்?

ஆமாம், நேப்பிள்ஸுக்கு வடக்கே அவெர்சா வட்டாரத்தில் இன்றும் பார்க்கலாம். ரோமானியருக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர் காலத்து வழக்கம் என்பார்கள். பாப்லர் மரங்களை வரிசையாக நட்டு, அஸ்பிரினியோ என்ற வெள்ளைத் திராட்சையை ஏற்றிவிடுவார்கள். கொடி 15 மீட்டர் வரை போகும். கீழே நிலம் சும்மா கிடக்காது, காய்கறியோ தானியமோ விளையும். தரை ஈரமும் குலையை எட்டாது. இந்தத் திராட்சைக்கு இயல்பிலேயே புளிப்பு அதிகம், நுரைக்கும் ஒயினுக்குத் தோது.

சரி, பறிப்பது? ஒடுக்கமான நெட்டை ஏணியில் ஏறிப் பறித்து, கூடையைக் கயிற்றில் இறக்குவார்கள். கூடையின் அடி கூராக இருக்கும். கவிழாமல் மண்ணில் குத்தி நிற்கும். ஆள் விழுந்தால்? இந்தக் காம்பானியா பகுதியில் கூலிக்கு வருபவர்கள் ஈமச் செலவையும் பேசிக்கொண்டுதான் மரம் ஏறினார்கள் என்று ரோமானிய அறிஞர் பிளினி 1-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்.