வாலிநோக்கம் கடலோரப் பட்டா மனையில் வீடு கட்டலாமா?

பட்டா இருக்கிறது, ஊராட்சி அனுமதி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பட்டா நிலம் யாருடையது என்றுதான் சொல்லும். கட்டலாமா என்பதைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி தீர்மானிக்கும். 2019 அறிவிக்கைப்படி, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்குக் குறைவாக வாழும் கிராமப்புறங்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பொதுவாகப் புது வீடு கூடாது. அந்தக் கோடு இன்று அலை தொடும் இடமல்ல, பெரிய ஓதத்தில் கடல்நீர் ஏறும் எல்லையாக அரசு வரைபடத்தில் குறித்தது. ஏற்கெனவே அனுமதியோடு இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கலாம்.

மணல்மேட்டை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் வேரோடிப் பிடித்துவைத்த மண் அது. புயலன்று அலையின் வேகத்தை முதலில் வாங்குவது அதுதான். ஜேசிபி ஒரே நாளில் சமன்செய்துவிடும். மறுபடி மேடேற வருடங்கள் ஆகும். 1964 புயலில் தனுஷ்கோடி போனதை நம் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள்.

மனைக்கு முன்பணம் கொடுக்குமுன் புல எண்ணைக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் பாருங்கள்.