ஒப்புரவும் வீட்டுப் பத்திரமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் சிகாகோவின் புறநகரான நேப்பர்வில்லில் இருக்கிறோம். எங்கள் சபையில் பெரும்பாலும் வெள்ளையர்கள், கொஞ்சம் கொரியர்கள், எங்களைப் போல சில இந்தியக் குடும்பங்கள். மேற்கு சிகாகோவில் நார்த் லான்டேல் என்ற கறுப்பினப் பகுதியில் உள்ள ஒரு சபையோடு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டு ஆராதனை நடத்துகிறோம். அன்று மதியம் அங்கே சுவருக்குப் பெயின்ட் அடிப்போம், பூங்காவைச் சுத்தம் செய்வோம். இதற்கு 'ஒப்புரவு நாள்', அதாவது பிளவுபட்ட இனங்கள் மனம் ஒன்றுபடும் நாள் என்று பெயர். இந்த முறை ஏற்பாட்டுக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். இதற்கிடையே எங்கள் சபையின் நான்கு இளம் குடும்பங்கள் அங்கேயே ஒரு தெருவில் வீடு வாங்கிக் குடியேறி, விசுவாசச் சமூகமாகச் சேர்ந்து வாழத் தீர்மானித்திருக்கின்றன. எனக்கு இரண்டு கேள்விகள். ஒருநாள் நிகழ்ச்சியால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா? குடியேறுபவர்கள் நல்லது செய்யப்போய், வீட்டு விலையை ஏற்றி அங்கிருப்பவர்களைக் கிளப்பிவிடுவதில் போய் முடியாதா? என்ன செய்யலாம், எது கூடாது என்று விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே என்ன நடந்தது என்று தெரியாமல் ஒப்புரவைப் பற்றிப் பேச முடியாது. நடந்ததில் பெரும்பகுதி வீட்டுப் பத்திரங்களில் இருக்கிறது.

1950இல் நார்த் லான்டேலில் கறுப்பர்கள் 13 சதவீதம். 1960இல் 91 சதவீதம். தரகர்கள் வெள்ளையர் வீட்டுக் கதவைத் தட்டி, 'கறுப்பர்கள் வருகிறார்கள், விலை விழப்போகிறது' என்று பயமுறுத்தி மலிவாக வாங்கினார்கள். மத்திய அரசின் வீட்டுக்கடன் காப்பீடு கறுப்பர் வாழும் பகுதிகளுக்கு மறுக்கப்பட்டதால் வங்கிகள் கடன் தரவில்லை. எனவே அதே வீடுகள் கறுப்பினக் குடும்பங்களுக்கு 'கான்ட்ராக்ட்' முறையில் விற்கப்பட்டன. கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவரிடமே இருக்கும். பழுது, வரி, காப்பீடு எல்லாம் வாங்கியவர் தலையில். ஒரு தவணை தவறினாலும் வீடு போய்விடும், அதுவரை கட்டிய பணமும் போய்விடும். விற்றவர் அடுத்த வாரமே இன்னொரு குடும்பத்துக்கு அதை விற்கலாம். மிசிசிப்பியிலிருந்து வந்த கிளைட் ராஸ் 1961இல் 27,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். விற்றவர் ஆறு மாதத்துக்கு முன்பு அதை வாங்கிய விலை 12,000 டாலர். இந்தத் தவணைக்காகக் கணவனும் மனைவியும் இரண்டு வேலை பார்த்தார்கள், மாடியை வாடகைக்கு விட்டார்கள், கூரை ஒழுகினால் அப்படியே விட்டார்கள். 'அவர்களுக்கு வீட்டைப் பராமரிக்கத் தெரியாது' என்று புறநகரில் இன்றும் சொல்லப்படுவதன் வேர் இங்கே இருக்கிறது.

இதை எதிர்த்த போராட்டமும் ஒரு சபை வளாகத்திலிருந்துதான் வந்தது. பிரசன்டேஷன் என்ற கத்தோலிக்கப் பங்கில் வேலை செய்யவந்த ஜாக் மக்நமாரா என்ற இயேசுசபை குருமாணவரும், அவருடன் வந்த கல்லூரி மாணவர்களும் வீடுவீடாகப் போய்க் கேட்டார்கள். பிறகு மாவட்டப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய பத்திரங்களைத் தேடினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தரகர் கொடுத்த விலை, குடும்பம் கொடுத்த விலை என்று இரண்டு எண்களை அடுத்தடுத்து எழுதினார்கள். அந்த இரண்டு எண்களைப் பார்க்கும்வரை ஒவ்வொரு குடும்பமும் தான் மட்டும் ஏமாந்துவிட்டதாக நினைத்து, வெட்கப்பட்டு, பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் இருந்தது. ரூத் வெல்ஸ் என்ற பெண்மணி முதலில் எழுந்து தன் விற்பனையாளரை எதிர்கொண்டார். 1968 டிசம்பரில் தவணை நிறுத்தப் போராட்டம் தொடங்கியது. நீதிமன்ற வழக்குகள் பின்னர் தோற்றன. ஆனால் நானூறுக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் திருத்தி எழுதப்பட்டன. அங்கே நடந்த இன ஒப்புரவு வேலைகளில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான். வெள்ளை மாணவர்கள் செய்தது ஆவணம் தேடும் குமாஸ்தா வேலை. மேடையில் பேசியதும், தவணையை நிறுத்தலாமா என்று முடிவெடுத்ததும், வெளியேற்றத்துக்குத் துணிந்ததும் வீடு வாங்கிய கறுப்பர்கள்.

1966 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் இதே பகுதியில் ஹேம்லின் அவென்யூவில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் குடியேறினார். யார் வரப்போகிறார் என்று தெரிந்ததும் அந்த ஒரு வீட்டை மட்டும் அவசரமாகப் பழுதுபார்த்துப் பெயின்ட் அடித்து வைத்தார்கள். உங்கள் குழு ஒரே ஒரு சுவரைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நான்கு குடும்பங்கள் செய்ய நினைப்பதற்கு ஒரு மரபு இருக்கிறது. ஜான் பெர்க்கின்ஸ் மிசிசிப்பியைச் சேர்ந்த கறுப்பினப் போதகர், மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். அண்ணனைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றபின் கலிபோர்னியாவுக்குப் போனவர். 1960இல் விசுவாசியாகத் திரும்பிவந்து மெண்டன்ஹாலில் ஊழியம் தொடங்கினார். 1970 பிப்ரவரியில் பிராண்டன் சிறையில் போலீஸார் அவரைச் சாகும் நிலைக்கு அடித்தார்கள். அதன்பிறகும் வெள்ளையரோடு சேர்ந்து வாழ்வது பற்றியே பேசியவர். அவர் வகுத்தவை மூன்று: அந்த இடத்திலேயே போய்க் குடியிருத்தல், ஒப்புரவு, வளத்தைப் பகிர்ந்தளித்தல். புறநகர்ச் சபைகள் முதலிரண்டை ஆசையோடு எடுத்துக்கொள்கின்றன. மூன்றாவது மெல்லக் காணாமல் போகிறது. அது இல்லாமல் முதலாவது வெறும் வீடு வாங்கல், இரண்டாவது நட்பு விருந்து. குடியிருப்பவர்களையும் அவர் மூன்றாகப் பார்த்தார்: வெளியிலிருந்து வருபவர், படித்துவிட்டுத் திரும்பிவருபவர், போகாமல் தங்கியவர். வந்தவர் கை ஓங்கி மற்ற இருவரும் பின்னால் போனால் வேலை கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

எப்படிக் கெடும் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் பெர்க்கின்ஸ் உருவாக்கிய கலப்புச் சபையில் 1983இல் உள்சண்டை வெடித்தது. பொறுப்புகள் ஏன் வெள்ளையர் கையில் இருக்கின்றன என்று கறுப்பின உறுப்பினர்கள் வெளிப்படையாகக் கேட்டார்கள். ஒரே பகுதியில் வாழ்ந்து, ஒரே சபையில் பாடியவர்களுக்குள் இது நடந்தது. காரணம் சிக்கலானதல்ல. வந்தவர்களிடம் பட்டப்படிப்பு, நன்கொடையாளர் தொடர்பு, விண்ணப்பம் எழுதும் பழக்கம் எல்லாம் இருக்கும். அவசரத்துக்கு வேலையை அவர்களிடம் கொடுப்பார்கள், ஐந்து வருடத்தில் எல்லாச் சாவியும் அவர்களிடம் இருக்கும். இதற்கு நல்லெண்ணம் மருந்தாகாது, விதி வேண்டும். நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் அப்பகுதியில் பல ஆண்டு குடியிருப்பவர்கள். காசோலையில் இரண்டு கையெழுத்து, ஒன்று அவர்களுடையது. வந்தவர் வகிக்கும் எந்தச் சம்பளப் பொறுப்புக்கும் ஓர் உள்ளூர்க்காரர் கூடவே பயிற்சி பெற வேண்டும், கைமாறும் தேதி முதலிலேயே எழுதப்பட வேண்டும்.

நார்த் லான்டேலிலேயே நல்ல உதாரணம் உண்டு. வெய்ன் கார்டன் என்ற வெள்ளையர் 1975இல் அங்கே பள்ளி ஆசிரியராக, விளையாட்டுப் பயிற்சியாளராக வந்து குடியேறினார். பள்ளிப் பிள்ளைகளோடு 1978இல் லான்டேல் சமூகச் சபை தொடங்கியது. என்ன தேவை என்று கேட்டபோது வந்த பதில்களில் ஒன்று, பயமில்லாமல் துணி துவைக்க ஓர் இடம். சபையில் துவைக்கும் இயந்திரம் வைத்தார்கள். எந்த வெளியூர்க் குழுவும் தன் திட்ட அறிக்கையில் இதை எழுதியிருக்காது. 1984இல் மருத்துவ மையம் வந்தது. பிறகு வீடு கட்டும் அமைப்பு. கிங் குடியிருந்து பின்னர் அழிந்துபோன கட்டடம் நின்ற இடத்தில் அந்த அமைப்பு 2011இல் 45 குடியிருப்புகள் கொண்ட வாடகை வீடுகளைத் திறந்தது. மூன்று தலைமுறை பிள்ளைகள் வளர்ந்துவரும் அளவுக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததன் பலன் இது.

இனி உங்கள் நான்கு குடும்பங்களுக்கு. அங்கே சபைகளுக்குப் பஞ்சமில்லை. டக்ளஸ் பொலிவார்டில் ஸ்டோன் டெம்பிள் பாப்டிஸ்ட் சபையைப் பாருங்கள். ருமேனிய யூதர்களின் ஜெப ஆலயமாகக் கட்டப்பட்டு, 1954இல் கறுப்பினச் சபையின் கைக்கு வந்த கட்டடம், தாவீதின் நட்சத்திரங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன, கிங் பிரசங்கித்த இடம். இப்படி வேர்விட்ட சபைகள் இருக்கும்போது வரவேற்பறையில் புதிய சபை தொடங்கக் கூடாது. நான்கு குடும்பங்களும் உள்ளூர்ப் போதகர் ஒருவருக்குக் கீழ் சாதாரண உறுப்பினர்களாகச் சேரட்டும். தசமபாகம் அங்கே போகட்டும், நேப்பர்வில்லுக்கு அல்ல. முதல் ஆண்டில் எந்தத் திட்டமும் தொடங்க வேண்டாம். தெருச் சங்கக் கூட்டத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காரட்டும்.

வீடு விஷயத்தில் நீங்கள் பயப்படுவது சரி. அங்குள்ள பழைய வீடுகள் பெரும்பாலும் முகப்பில் சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல் பதித்த இரண்டு, மூன்று மாடி வீடுகள், மாடிக்கு ஒரு குடும்பம். வருபவர்கள் முதலில் செய்யும் தவறு, இரண்டு மாடியையும் ஒன்றாக்கித் தங்களுக்கே வைத்துக்கொள்வது. ஒரு வாடகை வீடு அத்தோடு போயிற்று. நான்கு குடும்பம் அப்படிச் செய்தால் ஒரே தெருவில் நான்கு குடும்பம் வெளியே. கீழ்மாடியில் ஏற்கெனவே குடியிருப்பவரை அதே வாடகையில் வைத்துக்கொள்வதாக எழுதிக்கொடுத்த பிறகே வாங்க வேண்டும். முடிந்தால் காலிமனையில் கட்டுங்கள். காலிமனைகள் அங்கே நிறைய.

அடுத்தது வரி. சிகாகோ அடங்கிய குக் கவுன்டியில் மூன்றாண்டுக்கு ஒருமுறை வீட்டு மதிப்பை மறுபடி கணக்கிடுவார்கள். பக்கத்தில் நடந்த விற்பனை விலைகள் அதில் சேரும். உங்கள் நண்பர்கள் அதிக விலை கொடுத்து வாங்கினால் அடுத்த வீட்டுப் பாட்டியின் வரியும் ஏறலாம். கட்டாத வரி ஏலத்துக்குப் போகும். மீட்கும் அவகாசம் கடந்தால் வீடே போகலாம். இதைத் தடுக்க உங்களால் முடியும்: சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான சலுகை, 65 வயதானவருக்கான சலுகை, குறைந்த வருமான முதியோருக்கு மதிப்பை உறையவைக்கும் சலுகை என்று தனித்தனியாக உண்டு. விண்ணப்பிக்காததால் தகுதியானவர்களே இழக்கிறார்கள். இதைவிடச் சிக்கல், இறந்துபோன தாயின் பெயரிலேயே இருக்கும் பத்திரம். பெயர் மாறாதவரை பிள்ளைக்குப் பழுதுபார்க்கும் கடன் கிடைக்காது, சலுகைக்கும் அலைய வேண்டும். உங்கள் சபையில் வக்கீல்களும் கணக்காளர்களும் இருப்பார்களே, பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை அங்குள்ள சபைக் கூடத்தில் உட்காரட்டும்.

நான்கு குடும்பங்களும் விற்றுவிட்டுப் போகும் நாளையும் இப்போதே பேச வேண்டும். 1969இல் ஜார்ஜியாவில் சார்ல்ஸ் ஷெராட் போன்ற கறுப்பினத் தலைவர்கள் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற நில அறக்கட்டளையை ஏற்படுத்தினார்கள். அந்த மாதிரியில் மண் அறக்கட்டளைக்குச் சொந்தம், வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம், குத்தகை பெரும்பாலும் 99 ஆண்டு, விற்கும் விலைக்கு வரம்பு உண்டு. உதாரணத்துக்கு 1,80,000 டாலருக்கு வாங்கிய வீடு சந்தையில் 2,60,000 ஆகிறது. ஏற்றத்தில் கால்பங்கு, அதாவது 20,000 விற்பவருக்கு. அடுத்தவர் 2,00,000க்கு வாங்குவார். மீதி ஏற்றம் தெருவிலேயே தங்கும். இதற்குக் கையெழுத்திடத் தயங்கும் குடும்பம் வாடகைக்கு இருக்கட்டும், வாங்க வேண்டாம்.

இன்னொன்றைக் குடியேறும் முன்பே முடிவுசெய்ய வேண்டும்: எப்போது போலீஸைக் கூப்பிடுவது. புதியவர்கள் வாசற்படியில் நிற்கும் பையன்களைப் பார்த்து அவசர உதவி எண்ணான 911ஐ அழுத்திவிடுவார்கள், அந்தப் பையன் மூன்று வீடு தள்ளி இருக்கும் அத்தையைப் பார்க்க வந்திருப்பான். உயிருக்கு ஆபத்து என்றால் கூப்பிடுவது, மற்றதற்கு முதலில் தெருச் சங்கத் தலைவருக்கு போன் செய்வது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முதலில் அவருடைய எண் கையில் இருக்க வேண்டும்.

சேர்ந்து வாழ்வதில் பொதுச் சமையல் பற்றிச் சுருக்கமாக. வெளியிலிருந்து வந்த நான்கு குடும்பங்கள் தினமும் தங்களுக்குள் மட்டும் சேர்ந்து சாப்பிட்டால் தெருவுக்குள் ஒரு தனித்தீவு உருவாகும். வாரத்தில் ஒருநாள் போதும், அதுவும் கதவு திறந்திருக்க வேண்டும், சமைக்கும் பொறுப்பு அக்கம்பக்கத்தாருக்கும் மாறிமாறி வர வேண்டும்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஒருநாள் நிகழ்ச்சியால் அறிமுகம் உண்டாகும், அது தப்பில்லை. ஆனால் செலவை எழுதிப் பாருங்கள். பேருந்து, மதிய உணவு, டி-சர்ட், பெயின்ட், மைக் செட். அந்தத் தொகையை அங்குள்ள பெயின்டருக்குக் கூலியாகக் கொடுத்தால் சுவரும் முடியும், ஒரு வீட்டில் சம்பளமும் சேரும். ஆராதனையில் யார் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள், யார் பிரசங்கிக்கிறார்கள், எத்தனை மணிக்கு முடிக்கச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். கறுப்பினச் சபையின் ஆராதனையை எழுபத்தைந்து நிமிடத்துக்குள் அடக்கச் சொல்வது நேப்பர்வில்லின் வசதிக்காக. அடுத்தமுறை அவர்களுடைய வழக்கமான ஞாயிற்றுக்கு நீங்கள் போய் உட்காருங்கள், சிறப்பு நிகழ்ச்சி எதுவும் வேண்டாம்.

குழுவின் முதல் கூட்டத்தில் நீங்கள் ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். அந்தச் சபைக்கு ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. எதற்குச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, புகைப்படம் அனுப்பச் சொல்லக் கூடாது, கணக்கு அவர்களுடைய சபைக் கூட்டத்தில் படிக்கப்பட்டால் போதும். பெரும்பாலும் எதிர்ப்பு வரும், 'கண்காணிப்பு வேண்டாமா' என்பார்கள். அப்போது அந்தப் போதகரையே அழைத்துக் கூட்டத்தில் உட்காரவைத்து, அவர் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். பதிவு அலுவலகத்திலிருந்து அந்தத் தெருவின் பழைய விற்பனை விலைகளையும் எடுத்து மேஜைமேல் வையுங்கள். இரண்டு நாள் வேலை, நீங்களே செய்யலாம்.