7 வயதில் தலையில் அடிபட்டதற்கு 13 வயதில் பிரச்சினை வருமா?

வரும். என் தம்பிக்கு வந்தது.

ஏழு வயதில் அடிபட்டு நன்றாகத் தேறிய மகன், இப்போது எட்டாவதில் மார்க் சரிந்து, கூட்டாளிகளும் இல்லாமல் நிற்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் திமிர் என்றிருப்பார்கள், சொந்தக்காரர்கள் எல்லாம் செல்போனால் வந்த வினை என்றிருப்பார்கள். சரிதானே?

நாங்கள் கேரளாவில் வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், வளர்ந்த தமிழர்கள். தம்பி இரண்டாவது படிக்கும்போது ஜீப்பின் பின்பக்கம் தொங்கிக்கொண்டு போய் விழுந்தான். ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தபின் மூன்றாவது, நான்காவதெல்லாம் சிக்கலில்லாமல்தான் போனது, ஏனென்றால் ஒரே டீச்சர், பக்கத்தில் நின்று இதை எடு அதை எழுது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மேல்வகுப்பில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வந்ததும் ஆட்டம் கண்டுவிட்டது. பதில் தெரியும், ஆனால் அது வாய்க்கு வருவதற்குள் வாத்தியார் அடுத்த பையனிடம் போயிருப்பார். மதியத்துக்கு மேல் டெஸ்க்கில் தலை சாய்ந்துவிடும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எரிந்து விழுவான், கேலிக்குச் சொன்னதை நிஜம் என்று எடுத்துக்கொண்டு அடிக்கப் போவான். பையன்கள் சண்டை போட்டெல்லாம் பிரியவில்லை, விளையாடக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

டாக்டர் எங்களுக்குச் சொன்னது இது: யோசித்துத் திட்டம் போடுவது, கோபத்தை அடக்குவது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் வேலை, அது 20 வயது தாண்டியும் வளரும். சின்ன வயதில் அங்கே அடிபட்டால், அந்த வேலை தேவைப்படுகிற வயதில்தான் குறை தெரியவரும். ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் கவனமும் வேகமும் குறையலாம்.

நான் டாக்டர் இல்லை. தலையில் அடிபட்ட எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகும் என்றும் சொல்லவில்லை, லேசான அடி பெரும்பாலும் சரியாகிவிடும். கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.

உங்கள் மகனுக்கு ஞாபகம், கவனம், வேகம் மூன்றையும் அளக்கும் உளவியல் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் எந்த மொழியில் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தமிழ் மீடியத்தில் படித்த என் தம்பியை உட்கார வைத்து மலையாளத்தில் கேள்வி கேட்டு, "புரிந்துகொள்ளும் திறன் குறைவு" என்று எழுதிக் கொடுத்தார்கள். வயிறு எரிந்தது. எங்கள் பள்ளியில் தமிழ் வாத்தியார் இடமே காலியாகக் கிடந்தது, அதை எந்தப் பரிசோதனையில் காட்டுவது? தேர்தல் வந்தால் மட்டும் லயத்து வாசலில் தமிழில் மைக் கட்டத் தெரிகிறது.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் விஷயம் இன்னொரு தலைவலி. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடு இருக்கிறது, தலைக்காயம் என்று தனி வகை கிடையாது. அதன் விளைவு எந்த வகைக்குள் வருகிறதோ அதில்தான் விண்ணப்பிக்க வேண்டும், முக்கியச் சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு கேட்பார்கள். சான்றிதழ் கையில் வரும்வரை பள்ளி எதுவும் செய்யக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. முன் பெஞ்சில் உட்கார வைப்பது, போர்டில் உள்ளதை எழுதிக் கொடுப்பது, மதியம் கொஞ்சம் கண் மூட விடுவது, இதற்கெல்லாம் சீல் வேண்டாம். தம்பிக்கு இது மூன்றும் ஒரு கணக்கு டீச்சர் தானாகவே செய்தார்.

இப்போது குமுளியில் ஏலக்காய்க் கடையில் பேக்கிங் பார்க்கிறான். கூட்டம் நெரியும் சபரிமலை சீசனில் தன்னை பில் போட உட்கார வைக்க வேண்டாம் என்று முதலாளியிடம் அவனே சொல்லிவிட்டான்.