பேய்ப்படம் முதல் காதல் படம் வரை: நான் காதால் பார்த்தவை

கேள்வி: பேய், நகைச்சுவை, த்ரில்லர், சண்டை, காதல் என்று எல்லா வகைப் படமும் பார்ப்பவரா நீங்கள்? எந்த வகையில் எது பிடிக்கும், எது பிடிக்காது, ஏன்?

எல்லாம் பார்ப்பேன். ஆனால் என் ரசனை கொஞ்சம் கோணல், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படம் தேறுமா தேறாதா என்பதை நான் காதை வைத்துத்தான் முடிவு செய்வேன்.

இந்தப் பழக்கம் வந்தது இப்படித்தான். கண்ணில் ஒரு சின்ன சிகிச்சை. பத்து நாளைக்கு டிவி, போன் எதையும் பார்க்கக் கூடாது. ராத்திரி ஹாலில் வீட்டார் படம் போடுவார்கள். நான் உள்ளறையில் கண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாளே ஒன்று தெரிந்துபோனது: பாதிப் படங்களுக்குக் கண்ணே வேண்டாம். வயலின் இழுத்தால் யாரோ சாகப்போகிறார்கள். டிரம்ஸ் அதிர்ந்தால் ஹீரோ நடந்து வருகிறார். புல்லாங்குழல் என்றால் அவள் திரும்பிப் பார்க்கிறாள். அடுத்து என்ன வரும் என்று உள்ளே இருந்தபடியே குரல் கொடுப்பேன். "நீ பேசாம படு" என்று அம்மா அதட்டுவாள்.

பேய்ப்படத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். எனக்குக் கோபம் அதிகம் வருவது அங்கேதான். இருட்டு வராந்தா, நிசப்தம், கேமரா மெல்ல நகரும், திடீரென்று காது கிழிய ஒரு டமால். அதற்குத் தூக்கிவாரிப் போட்டால் அது பயமா? முதுகுக்குப் பின்னால் யாராவது பாத்திரத்தைப் போட்டால்கூடத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போடும். பயம் என்றால் படம் முடிந்து விளக்கை அணைத்த பிறகும் கூட இருக்க வேண்டும்.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) குளியலறைக் கொலையை எல்லாருக்கும் தெரியும். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதை மீறி இசையமைத்துப் போட்டுக் காட்ட, அவர் மனசு மாறிவிட்டது. படம் முழுக்கத் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். அந்தக் காட்சியை ஒருமுறை சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்த்தேன். கத்தி, தண்ணீர், ஒரு கை, திரைச்சீலை, மறுபடி கத்தி. துண்டு துண்டாக ஓடுகிறது, அவ்வளவுதான். நாம் "பார்த்தோம்" என்று நினைக்கிற கொடூரத்தில் முக்கால்வாசி அந்த வயலின் கீச்சலில் இருக்கிறது. அதே கூட்டணி மூன்றே வருஷத்தில் 'தி பேர்ட்ஸ்' எடுத்தபோது பின்னணி இசையையே தூக்கிப் போட்டுவிட்டது. பறவைச் சத்தங்களை மின்னணுக் கருவியில் உருவாக்கினார்கள். ஒரு காட்சியில் நாயகி பள்ளிக்கூடத்துக்கு வெளியே உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பாள். உள்ளே குழந்தைகள் பாடுகிறார்கள், அது ஒன்றுதான் சத்தம். அவளுக்குப் பின்னால் ஏறி விளையாடும் கம்பிகளில் காக்கைகள் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன. பாட்டு நிற்கவே மாட்டேன் என்கிறது. டமால் கோஷ்டியை எல்லாம் உட்காரவைத்து இந்த ஒரு காட்சியை நூறு தடவை போட்டுக் காட்ட வேண்டும்.

ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) இதைவிடக் குறும்பானது. ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டே சுர இசை சுறா வரும்போது கேட்கும், சரி. ஆனால் இரண்டு பையன்கள் சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி போலியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடற்கரையையே கலங்கடிக்கும் இடத்தில் அந்த இசை வராது. கூட்டம் அலறி ஓடும், இசை மட்டும் வாயைத் திறக்காது. ஆக, இசை இல்லை என்றால் சுறா இல்லை என்று நம் காதுக்கு ஒரு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பிற்பாடு படகில் இருந்தபடி ஒருவர் மீனுக்கு இரை அள்ளிப் போடுவார், முணுமுணுவென்று புலம்பிக்கொண்டே. எந்த இசையும் இல்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சுறா தலையைத் தூக்கும். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான். இதிலும் எனக்குத் தூக்கிவாரித்தான் போட்டது, ஆனால் அதற்காக அவர்கள் ஒரு மணி நேரம் உழைத்திருக்கிறார்கள்.

பேய்க்கதைக்குப் பேயே வேண்டாம் என்பதற்குச் சாட்சி ஒரு நகைச்சுவைப் படம். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964). சினிமா எடுக்கிறேன் என்று அலையும் நாகேஷ், அப்பா பாலையாவை உட்காரவைத்துக் கதை சொல்கிற காட்சி. குரலைத் தாழ்த்துவார், சட்டென்று ஏற்றுவார், சத்தங்களை எல்லாம் வாயாலேயே போடுவார். ரீ-ரெக்கார்டிங் மொத்தமும் நாகேஷின் தொண்டையில். எல்லாரும் நாகேஷைக் கொண்டாடுவார்கள், நியாயம்தான். என் ஓட்டு பாலையாவுக்கு. சத்தத்தை அடைத்துவிட்டு அவர் முகத்தை மட்டும் பாருங்கள், கதை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். கேட்கிறவன் எப்படிக் கேட்க வேண்டும் என்று சினிமாவில் எனக்குக் காட்டியவர் அவர்தான்.

சண்டைப் படத்தை நான் ஆர்வமாகப் பார்ப்பதில்லை. குத்துகள் எல்லாம் ஒரே குத்தாகக் கேட்கின்றன. இதைப் பற்றி வந்த சிறந்த விமர்சனமும் ஒரு நகைச்சுவைப் படத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய 'பேசும் படம்' (1987). பேர்தான் அப்படி, படத்தில் வசனமே கிடையாது. கமல் ஒரு வேலையில்லாப் பட்டதாரி, தங்கியிருக்கும் அறைக்குப் பக்கத்திலேயே சினிமா தியேட்டர். ராத்திரியெல்லாம் அங்கே இருந்து டிஷ்யூம் டிஷ்யூம். அதற்குள்தான் தூங்கிப் பழகியிருப்பார். பிறகு ஒரு பணக்காரனின் இடத்தைப் பிடித்து நட்சத்திர ஓட்டலில் போய்ப் படுத்தால் தூக்கம் வராது. புரளுவார், எழுந்து உட்காருவார். கடைசியில் பழைய இடத்துக்கே போய் அந்தச் சண்டைச் சத்தத்தை டேப்பில் பதிந்துகொண்டு வந்து, ஓட்டல் அறையில் ஓடவிட்டு நிம்மதியாகக் குறட்டை விடுவார். அடிதடிச் சத்தம் தாலாட்டாகிவிட்டது! உள்ளறையில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்த எனக்கும் இதே கதிதான், கிளைமாக்ஸ் சண்டை வந்தால் தூங்கிப்போவேன்.

த்ரில்லரில் எனக்கு உசத்தி 'ரிஃபிஃபி' (1955) என்ற பிரெஞ்சுப் படம். நகைக்கடைக் கொள்ளை ஒன்று ஏறக்குறைய அரை மணி நேரம் போகும், பேச்சும் கிடையாது, இசையும் கிடையாது. மேல்மாடியில் இருந்து தரையைக் குடைவார்கள். பெயர்ந்து விழும் காரை கீழே சத்தம் போடாமல் இருக்க, ஓட்டை வழியாக ஒரு குடையை இறக்கி விரித்துவிடுவார்கள், அது அத்தனையையும் ஏந்திக்கொள்ளும். பார்க்கிற நாமும் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தமிழில் என்றால் 'அந்த நாள்' (1954). கொலையுண்டவர் ஒரு ரேடியோ இன்ஜினீயர், சிவாஜி. பாட்டு மேல் பாட்டாக வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு பாட்டுகூட இல்லாமல் வந்த படம். எடுத்தவர் யார் என்கிறீர்கள்? வீணை எஸ். பாலசந்தர். சங்கீத வித்வானுக்குத்தான் எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிந்திருக்கிறது.

விஞ்ஞானப் புனைவில் அவ்வளவு நாட்டமில்லை. '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யை (1968) முதல் தடவை போட்டபோது, முதல் 20 நிமிடத்துக்கு மேல் யாருமே பேசாததால் தூங்கிவிட்டேன். இரண்டாம் தடவை ஹெட்போனில் பார்த்தேன். விண்வெளியில் மிதப்பவனின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும், ஒரு கட்டத்தில் அது பட்டென்று அறுபடும். நானும் மூச்சு விடவில்லை.

அழுகாச்சிக் குடும்பப் படங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வயலின் வாசிப்பவர்களுக்கு வேலை கிடைத்தால் சரி. ஆனால் பேச்சாலேயே ஓடும் '12 ஆங்ரி மென்' (1957) எனக்கு உயிர். ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறை, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையன். "கொன்னுடுவேன்" என்று அவன் கத்தியது மேல்வீட்டில் இருந்து காதில் விழுந்தது என்கிறார் ஒரு கிழவர். எதிர்வீட்டுப் பெண்ணோ, ஓடும் ரயிலின் ஜன்னல்கள் வழியாகக் கொலையைப் பார்த்தேன் என்கிறாள். அப்படியானால் ரயில் தடதடக்கும்போது கிழவருக்கு அந்தக் குரல் எப்படிக் கேட்டிருக்கும்? ஒரு உயிர் போவதும் நிற்பதும் ஒரு சத்தம் கேட்டதா இல்லையா என்பதில் வந்து நிற்கிறது. இப்படி ஒரு படத்தை எனக்குப் பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம்.

கடைசியாகக் காதல். பெரும்பாலான காதல் படங்களில் யார் யாரைக் காதலிக்கிறார் என்பதை இசைதான் முதலில் சொல்லிவிடுகிறது, பாத்திரங்களுக்குத் தெரிய இடைவேளை ஆகிறது. '96' (2018) அந்த விஷயத்தில் அதன் நாயகன் ராமைப் போலவே பொறுமைசாலி. பள்ளிக்கூட நாளில் இருந்து அவன் ஒரே பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பான், ஜானு வேண்டுமென்றே வேறு எதையாவது பாடுவாள். இத்தனை வருஷம் கழித்து அவன் வீட்டில் கரண்ட் போய்விடும். இருட்டில், எந்த வாத்தியமும் இல்லாமல், 'யமுனை ஆற்றிலே' என்று அவள் ஆரம்பிப்பாள். கேட்டதும் அவன் வெளிச்சம் தேடி இடித்துக்கொண்டு ஓடுவான், பாட்டு முடிவதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று. எனக்கோ அந்த விளக்கு கிடைக்காமல் போகட்டும் என்றிருந்தது. கட்டுப் போட்டுக் கிடந்த பத்து நாளில் ஹாலில் என்னென்னவோ படம் போட்டார்கள், இதை மட்டும் யாரும் போடவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.