91 வயது பாட்டாவுக்காக ஒரு விசுவாசி அழலாமா?

கேட்கப்பட்ட கேள்வி: “எங்க பாட்டா (தாத்தா) 91 வயசுல கர்த்தருக்குள்ள போயிட்டாங்க. கடைசிவரை விசுவாசத்துல நின்னவங்க. ‘நிறைஞ்ச வயசு, பரலோகம் போயாச்சு, கரையப்பிடாது’ன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எனக்கு ஆறவே மாட்டேங்குது. என் விசுவாசம் குறைவா?”

குறைவில்லை. அழுங்கள்.

ஆபிரகாமின் மனைவி சாராள் இறந்தபோது அவளுக்கு வயது 127. ஆபிரகாம் வந்து அவளுக்காகப் புலம்பி அழுதான் என்று ஆதியாகமம் 23-ல் வாசிக்கிறோம். விசுவாசிகளின் தகப்பன் என்று நாம் சொல்கிற அதே ஆபிரகாம்தான். யாக்கோபு 147 வயதில் போனார். எகிப்தையே நிர்வகித்துக்கொண்டிருந்த யோசேப்பு, அப்பாவின் முகத்தின்மேல் விழுந்து முத்தம் செய்து அழுதான். ‘வயசாயிட்டுதானே’ என்று யாரும் அவனை அடக்கியதாக அங்கே எழுதியில்லை. இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார்.

நான் தக்கலைப் பக்கம். என் அம்மை 86 வயதில் போனார்கள். நாலு வருடம் படுக்கை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: “இனி கிடந்து கஷ்டப்பட வேண்டாமில்லா மக்களே.” அன்பில்தான் சொன்னார்கள். அடுப்பு பற்ற வைக்காத எங்கள் வீட்டுக்குக் கஞ்சியும் பயறும் கொண்டுவந்ததும் அவர்கள்தான். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் வேறொரு இடத்தில் போய்க் குத்தியது. ஏனென்றால் அம்மையின் மூச்சு நின்றபோது எனக்கு முதலில் வந்தது அழுகையே இல்லை, ஒரு ஆசுவாசம். அடுத்த நிமிடமே, ‘இதுக்காகவா காத்துக் கிடந்தேன்?’ என்ற பயம்.

படுக்கைப்புண் வராமலிருக்க ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அம்மையைத் திருப்பிப் படுக்க வைப்பேன். அடக்கம் முடிந்த அன்றும் அதே இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. போய் வெறும் கட்டில் பக்கத்தில் நின்றேன். உங்கள் பாட்டாவை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் இது உங்களுக்கும் வந்திருக்கலாம். அந்த ஆசுவாசம் பாசக்குறைவு இல்லை. உடம்பு களைத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். ஆண்டவரிடம் அதை அப்படியே சொல்லலாம். நான் சொன்னேன்.

இனி நம்பிக்கையைப் பற்றி. நம்மூர் ஜங்ஷன்களில் வைக்கிற பிளெக்ஸ் போர்டுகளில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று போடுகிறோமே, அது பவுல் எழுதிய சொல். தெசலோனிக்கே சபையில் சிலர் இறந்துவிட்டார்கள். கிறிஸ்து வரும்போது அவர்கள் விடுபட்டுப் போவார்களோ என்று மற்றவர்கள் கலங்கினார்கள். அவர்களுக்குத்தான், ‘நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து’ இருக்க வேண்டாம் என்று எழுதினார். துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. பாதி வசனத்தை விட்டுவிட்டு மீதியைத் துக்க வீட்டில் சொல்வதை நிறுத்தினால் நல்லது என்று நினைக்கிறேன்.

அந்த நம்பிக்கை, ‘ஆத்துமா எங்கேயோ நல்லா இருக்கு’ என்பதோடு நின்றுவிடுவதில்லை. செத்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்பது அது. எனக்கு இது புரிந்தது அம்மையைக் குளிப்பாட்டிய நாட்களில்தான். சேலைத் தலைப்பு விலகினால்கூடக் கூசிய ஆள். நான் துணி மாற்றும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள். “உனக்க கையில இப்பிடி ஆயிட்டேனே மக்களே” என்பார்கள். 1 கொரிந்தியர் 15-ல் பவுல் அதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்: ‘கனவீனமுள்ளதாய் விதைக்கப்படும், மகிமையுள்ளதாய் எழுந்திருக்கும்.’ முதுமையின் கனவீனத்தைக் கையால் தொட்டவர்களுக்கு அந்த வரி எவ்வளவு பெரியது!

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அந்த வரி இன்னும் பெரியது என்று எனக்குத் தோன்றும். மிஷனரி ரிங்கல்தௌபே இங்கே மயிலாடிக்கு வந்தது 1806-ல். அன்றைய தென்திருவிதாங்கூரில் நம் முன்னோர்களில் பல பெண்களுக்கு மார்பை மறைக்கவே உரிமையில்லை. அரசின் பிரகடனம் வர 1859 ஆயிற்று, அதுவும் முழு உரிமையாக வரவில்லை. தன் உடம்பை மூடிக்கொள்ளவே விடப்படாத ஒருத்தி, இந்த உடம்பை ஆண்டவர் மகிமையாய் எழுப்புவார் என்று முதன்முதலாகக் கேட்டபோது என்ன நினைத்திருப்பாள்? கல்லறைத் தோட்டத்தில் எழுத்து அழிந்துபோன பழைய கல்லறைகளைத் தாண்டி அம்மையின் கல்லறைக்கு நடக்கும்போதெல்லாம் அவளை நினைப்பேன். அவள் பிடித்துக்கொண்ட நம்பிக்கைதான் கைமாறிக் கைமாறி அம்மைவரை வந்தது.

ஆகவே உங்கள் பாட்டாவின் நடுங்கிய கையை, கேட்காமல் போன காதை, மங்கிய கண்ணை நினைத்து அழுங்கள். அந்தப் பாட்டாவேதான் எழுந்திருப்பார். நீங்கள் அவரிடம் எப்போதாவது எரிந்து விழுந்திருந்தால், மன்னிப்பைக் கிறிஸ்துவிடம் இப்போதே கேட்டுக்கொள்ளலாம். பாட்டாவைத் திரும்பப் பார்க்கிற நாளும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அம்மையைப் பெட்டியில் வைத்தபோது, அவர்களுக்குப் பிடித்த கீர்த்தனையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது அடியில் தொண்டை அடைத்துவிட்டது. நான் நிறுத்தின இடத்திலிருந்து பக்கத்து வீட்டு மாமி பிடித்துக்கொண்டார்கள், பிறகு முற்றத்தில் நின்றவர்களும் சேர்ந்தார்கள். பாட்டா பாடின பாட்டு ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். இன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் அதை எடுத்துக் கொடுங்கள். தொண்டை அடைத்தால் நிறுத்திவிடுங்கள், மிச்சத்தை மற்றவர்கள் பாடட்டும்.